பாயின்டுக்கு உரிமை இல்லை, டிக்கெட்டுக்கு உண்டு

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு அத்தான் போன் செய்தார். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள், ஆவணியில் பிரசவம். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அவ்வளவு தூரமும் அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. அதற்காகவே ஐந்து வருடமாக கிரெடிட் கார்டு பாயின்டைத் தொடாமல் சேர்த்துவைத்திருந்தார். 2,40,000 பாயின்ட்.

“மாப்ளே, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ரெண்டு சீட் காட்டுது. எல்லாத்தையும் ஏர்லைன் கணக்குக்குத் தள்ளிடவா?”

“கொஞ்சம் பொறுங்க அத்தான், காலையில பாத்துட்டு…”

“தள்ளிட்டேன்ப்பா.”

பாயின்ட் போய்ச் சேர மூன்று வேலை நாட்கள் ஆகும் என்று திரையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நடுவில் சனி, ஞாயிறு. புதன்கிழமை காலை மைல்கள் கணக்கில் ஏறியபோது அந்தத் தேதியில் முதல் வகுப்பும் இல்லை, பிசினஸ் வகுப்பும் இல்லை. அனுப்பிய பாயின்டைத் திரும்ப வாங்க வழியில்லை என்றது வங்கி. மைல் கையில் இல்லாதவருக்குச் சீட்டைப் பிடித்துவைப்பதில்லை என்றது விமான நிறுவனம். அத்தான் படிக்காமல் டிக் அடித்த விதிமுறைகளில் இரண்டுமே இருந்தன.

அன்றிலிருந்து யார் என்னிடம் “கார்டு பாயின்டில் முதல் வகுப்பில் போகலாமாமே” என்று கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். போகலாம், நிஜமாகவே போகலாம். லட்சக்கணக்கில் விலை சொல்லும் இருக்கையை மைலும் வரியும் மட்டும் கட்டி வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பாயின்டாக இருக்கும்வரை உங்கள் கையில் இருப்பது கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருத்தி எழுதக்கூடிய ஒரு வாக்கு மட்டும். அது டிக்கெட்டாக மாறிய நிமிடத்தில் நீங்கள் முழுப் பயணி ஆகிவிடுகிறீர்கள். காசு கொடுத்து வாங்கியவருக்குள்ள பாதுகாப்பில் பெரும்பகுதி உங்களுக்கும் வந்துவிடுகிறது. இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு குறைவான நாட்கள் நிற்கிறீர்களோ, அவ்வளவுக்கு நல்லது.

வாக்கை எப்படித் திருத்துவார்கள் என்பதற்கு நாற்பது வருடக் கதை இருக்கிறது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘அட்வான்டேஜ்’ என்ற மைல் திட்டத்தைத் தொடங்கியது. 1988-ல் அதன் விதிகளை மாற்றியபோது, ஏற்கெனவே சேர்த்துவைத்த மைல்களுக்கும் புதிய கட்டுப்பாடுகள் பாய்ந்தன. உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். ‘வோலன்ஸ்’ வழக்கு என்று அறியப்பட்ட அதில் 1995-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போடலாம் என்றது. மாநில நுகர்வோர் சட்டத்தின் பெயரில் போடக் கூடாது என்றது. 2014-ல் வந்த ‘கின்ஸ்பெர்க்’ வழக்கு இன்னும் கடுமையானது. நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் தன் மைல் திட்டத்தின் உயர் தகுதி உறுப்பினரான ஒரு யூத மதகுருவை, அடிக்கடி புகார் செய்கிறார் என்று சொல்லி 2008-ல் நீக்கிவிட்டது. நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமையை நிறுவனம் மீறிவிட்டது என்று அவர் வாதாடினார். மாநிலச் சட்டம் தானாகச் சுமத்தும் அந்தக் கடமையை விமான நிறுவனத்தின்மேல் ஏற்ற முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். எழுதிய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். அந்த ஒப்பந்தத்தை எழுதுவதோ நிறுவனம்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது ‘கிங் கிளப்’ மைல்களும் அதோடு போயின. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் மைல்கள் பிழைத்து ‘இன்டர்மைல்ஸ்’ என்று பெயர் மாறின, ஆனால் ஏறிப்போக ஜெட் விமானம் இல்லை. 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது ஒன்றுக்கு ஒன்று என்று புள்ளிகள் மகாராஜா கிளப்புக்குப் போயின. எண்ணிக்கை மாறவில்லை. ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியல் மட்டும் வேறு.

விமானம் நிற்காமலேயே மதிப்பு பாதியாகலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயின்டுக்கு 4 மைல் என்றிருந்தது, 2023 செப்டம்பர் 1 முதல் 5-க்கு 2 ஆனது. முந்தைய இரவு 1,00,000 பாயின்டுக்கு 80,000 மைல் கிடைத்திருக்கும், விடிந்தால் 40,000. எமிரேட்ஸ் 2025 மே மாதத்தில், சில்வர் தகுதிக்குக் கீழே இருப்பவர்கள் முதல் வகுப்பை மைல் கொடுத்து வாங்க முடியாது என்று வைத்துவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் சேர்ந்த மாதத்திலிருந்து மூன்று வருடத்தில் காலாவதியாகும். ‘ஓய்வு பெற்றபின் போய்க்கொள்ளலாம்’ என்று வங்கி வைப்புத்தொகைபோல இதைப் பூட்டிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதற்கு வட்டி கிடையாது, நாமினி கிடையாது, வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது. கார்டை மூடினால் மிச்சமுள்ள பாயின்ட் போய்விடும். உரியவர் இறந்துவிட்டால் வாரிசுக்குத் தர வேண்டும் என்ற கட்டாயம் பல திட்டங்களில் இல்லை.

சரி, ‘இலவசம்’ என்கிறார்களே, அதற்கு நாம் தரும் விலை என்ன? மேல்தட்டு கார்டு ஒன்றின் ஆண்டுக் கட்டணம் 12,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14,750. நூறு ரூபாய்க்கு 2 மைல் தரும் கார்டானால் 1,00,000 மைலுக்கு 50 லட்ச ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மளிகை, பள்ளிக் கட்டணம், மின் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் அது பல வருடக் கணக்கு. சேரும் கட்டணத்துக்கான போனஸ், குறிப்பிட்ட கடைகளில் பல மடங்கு பாயின்ட் இவற்றால்தான் சிலர் சீக்கிரம் எட்டுகிறார்கள். அந்த வேகத்தைப் பிடிக்கத் தேவையில்லாததை வாங்கினால் டிக்கெட் இலவசம் இல்லை.

அதைவிடப் பெரிய பள்ளம் வட்டி. 1,50,000 ரூபாய் பில்லை ஒரு மாதம் தள்ளிப்போட்டால், மாதம் 3.75 சதவீதக் கணக்கில் 5,625 ரூபாய் வட்டி, அதன்மேல் ஜி.எஸ்.டி. 1,012 ரூபாய் 50 பைசா. அதே செலவுக்குக் கிடைத்த மைல் 3,000. ‘மினிமம் டியூ’ கட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: முழு பில்லையும் கட்டாத மாதம், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா அவகாசம் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 30 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தந்த தீர்ப்பை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி விகிதத்தை எதிர்த்து அந்தத் தீர்ப்பைக் காட்ட இனி முடியாது. ஒவ்வொரு மாதமும் முழு பில்லையும் கட்ட முடியாதவர் இந்த மைல் ஆட்டத்துக்குள் இறங்கவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வீட்டுக் கல்யாணத்தில் சித்தப்பா நகை வாங்குகிறார், நண்பன் டி.வி. வாங்குகிறான், “என் கார்டுல தேய், பணத்தை எனக்கு அனுப்பிடு, பாயின்ட் எனக்கு” என்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்ச ரூபாய்க்கு மேல் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சமே போதும். ஆண்டு வருமானம் 8 லட்சம் காட்டுபவர் 15 லட்சம் பில் கட்டியிருந்தால் கேள்வி வரும். யாருக்காகத் தேய்த்தது, பணம் எப்படித் திரும்ப வந்தது என்பதற்கு வங்கிக் கணக்கில் தடம் வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கிவிட்டு “அது சித்தப்பா நகைங்க” என்று வாயால் சொன்னால் எடுபடாது.

இனி அத்தான் தவறவிட்ட இடத்துக்கு வருகிறேன். பாயின்டை மைலாக்குவது ஒருவழிப் பாதை. அதனால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் சீட், பிறகு டிரான்ஸ்ஃபர். விமான நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் திறந்து, எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை பேரைப் போட்டுத் தேட வேண்டும். கூட்டாளி நிறுவனத்தின் தளத்தில் காட்டும் சீட் சில சமயம் வெறும் பிம்பம். கட்டணப் பக்கம்வரை போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முடிந்தால் மைல் திட்டத்தின் உதவி எண்ணுக்குப் பேசி, சீட் இருக்கிறதா, மைல் வரும்வரை பிடித்துவைப்பார்களா என்று கேட்டுவிடலாம். சில திட்டங்கள் செய்கின்றன. வங்கியிலிருந்து மைல் போய்ச் சேர எத்தனை நாள் என்பதையும் பெரிய தொகைக்கு முன் 1,000 பாயின்ட் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். முதல் வகுப்பு சீட்டுகளை நிறுவனங்கள் சொந்த உறுப்பினர்களுக்கே அள்ளிக் கொடுப்பதில்லை. லுஃப்தான்சா போன்றவை கூட்டாளி திட்டங்களுக்கு முதல் வகுப்பைத் திறப்பதே பெரும்பாலும் புறப்பாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான். பிரசவத்துக்குப் போகிறவர்கள் அதை நம்பி உட்கார முடியாது.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. வங்கிக் கார்டில் இனிஷியல் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் வரும், அல்லது குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். மைல் கணக்கைத் திறக்கும்போது தளம் கட்டாயமாக ஒரு குடும்பப் பெயர் கேட்கும். நாம் அவசரத்தில் எதையோ போட்டுவிடுவோம். இரண்டும் பொருந்தாவிட்டால் டிரான்ஸ்ஃபர் திரும்பும், அல்லது விசாரணைக்குப் போய் நிற்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டின்படிதான் பெயர் வேண்டும் என்பதால், மைல் கணக்கைப் பாஸ்போர்ட் எழுத்துப்படியே திறந்துவிட்டு, வங்கியில் உள்ள பெயரை அதற்கேற்ப முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது. இதற்கு ஒரு மாதம் பிடிக்கலாம். சீட் தெரிந்த பிறகு தொடங்கினால் ஆகாது.

டிக்கெட்டுக்கு மைல் போக வரியும் ‘சர்சார்ஜ்’ என்ற கூடுதல் கட்டணமும் காசாகக் கட்ட வேண்டும். சில நிறுவனங்களில் அது எகானமி டிக்கெட் விலையையே தொட்டுவிடும். லண்டனிலிருந்து புறப்படும் பயணத்தில் பிரிட்டன் அரசின் பயணி வரி உயர்வகுப்புக்கு அதிகம். இதை இந்தியக் கார்டில் வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால், பல கார்டுகளில் மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும்.

மைலை விற்பவர்கள், வாங்குபவர்கள் என்று ஒரு கூட்டம் வாட்ஸ்அப்பில் இயங்குகிறது. “பிசினஸ் கிளாஸ் பாதி விலைக்கு” என்றால் பெரும்பாலும் வேறு யாருடைய கணக்கிலிருந்தோ எடுத்த மைல்தான். அந்த யாரோ ஏமாற்றப்பட்டவராகவும் இருக்கலாம். ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் மைல் விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்து செய்வார்கள், கணக்கை மூடுவார்கள். பாதி வழியில் ஒரு விமான நிலையத்தில் திரும்பும் டிக்கெட் செல்லாமல் நின்றால், புரோக்கரின் போன் அணைந்திருக்கும். அந்த நிலையில் சட்டமும் உங்கள் பக்கம் வராது.

பாயின்டின் பெயரால் நடக்கும் திருட்டு இன்னும் நேரடியானது. ‘உங்கள் 5,890 ரூபாய் மதிப்புள்ள ரிவார்டு பாயின்ட் இன்று நள்ளிரவோடு காலாவதி ஆகிறது’ என்று ஒரு செய்தி வரும். தொகை ரவுண்டாக இருக்காது. அதனால்தான் உண்மைபோலத் தெரியும். அடியில் ஒரு சுட்டி, அல்லது வங்கியின் சின்னம் போட்ட ஏ.பி.கே. ஃபைல். அதை நிறுவினால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கும், ஓ.டி.பி. கேட்காமலேயே அவர்களுக்குப் போய்விடும். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை, பேரனுக்கு சைக்கிள் வாங்கலாம் என்று அந்த ஃபைலைத் திறந்தார். பத்து நிமிடத்தில் மூன்று முறை பணம் போனது. வெட்கப்பட்டுக்கொண்டு மகனிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நாள்தான் பெரிய இழப்பு.

ஏனென்றால் இங்கே நேரம்தான் மருந்து. பணம் போனது தெரிந்த நிமிடமே கார்டை முடக்கிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். திருட்டுப் பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க அந்த எண்ணால் முடியும். வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த பரிவர்த்தனையை, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதித்தது. ஏழு வேலை நாள்வரை பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தால்கூட, புகார் செய்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள், வீட்டுப் பெரியவர்களிடமும் கோபப்படாமல் கேளுங்கள்.

இப்போது கோட்டின் அந்தப் பக்கம். டிக்கெட் கைக்கு வந்துவிட்டது, ஆனால் விமான நிலையத்தில் முதல் வகுப்பு இல்லை, பிசினஸில் உட்காருங்கள் என்கிறார்கள். “மைல்ல வாங்கினதுதானே” என்று கவுண்டரில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை, மைல் திட்டத்தில் தரப்பட்ட டிக்கெட்டுகளுக்கும் தான் பொருந்தும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமும் அதில் அடங்கும்; வெளியிலிருந்து அங்கே போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் அடங்கும். கீழ் வகுப்புக்கு இறக்கினால் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். டுசெல்டார்ஃபிலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானத்தில் முதல் வகுப்பிலிருந்து பிசினஸுக்கு இறக்கப்பட்ட ஒரு பயணியின் வழக்கில், இறக்கப்பட்ட அந்தப் பகுதியின் விலையை வைத்துத்தான் இந்தச் சதவீதத்தைக் கணக்கிட வேண்டும் என்று 2016-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது.

நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் இதே போன்ற விதியைக் கொண்டுவந்திருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் வகுப்பு இறக்கினால் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர்வரை 30, 3,500வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம். மைல் டிக்கெட்டின் விலை என்ன என்ற வாக்குவாதம் வரும். அதற்காகவே டிக்கெட் எடுத்த அன்று, எத்தனை மைல், எவ்வளவு வரி, அதே இருக்கையின் காசு விலை என்ன என்ற மூன்றையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இறக்கியதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய போர்டிங் பாஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பெட்டி தொலைந்தாலும் இதே கதைதான்: மான்ட்ரியல் உடன்படிக்கை, விமான நிறுவனம் இலவசமாக ஏற்றிச் செல்லும் பயணிக்கும் பொருந்தும். 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அதில் பெட்டிக்கான உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். என்ற சர்வதேச நிதி அலகு. பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

எங்கே போய் முறையிடுவது என்பதில் பலர் தவறான கதவைத் தட்டிவிட்டுச் சோர்ந்துபோகிறார்கள். விளம்பரத்தில் சொன்ன பாயின்ட் ஏறவில்லை, அனுப்பிய பாயின்ட் போய்ச் சேரவில்லை, கேட்காத கட்டணம் போட்டார்கள் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்துப்பூர்வப் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலும் பதில் திருப்தியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் எழுதலாம். செலவில்லை, வக்கீல் வேண்டாம். வழிகாட்ட 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் ‘பாயின்ட் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளப்பட வாய்ப்பு அதிகம். குறைக்கும் தேதிக்கு முன் சேர்ந்த பாயின்டுக்கும் புதிய விகிதத்தைப் போட்டார்களா, சொன்ன தேதிக்கு முன்பே மாற்றினார்களா என்று ஒப்பந்த மீறலாக எழுத வேண்டும். கட்டணத்தை ஏற்றினால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுப்பவரிடம் அதற்கென்று எதுவும் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் தொகுத்துக் கொடுத்த கார்டு விதிகளில் இருக்கிறது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடாவிட்டால், மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடச் சொல்வதற்கு முன் பாயின்டைச் செலவழித்துவிடுங்கள்.

விமான நிறுவனத்தின்மேல் புகார் என்றால் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும் பதியலாம். இரண்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருக்கிறது என்று அங்கே அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘பாயின்ட் இலவசம், அவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதற்குப் பதில் உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்கிறது: ஆண்டுக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., டிக்கெட்டுக்குக் கட்டிய வரி எல்லாம் நீங்கள் கொடுத்த பணம். அந்தப் பக்கங்களை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

அக்காவும் அத்தானும் ஆடி மாதம் காசு கொடுத்து எகானமியில்தான் போனார்கள். நடைபாதை ஓரத்து சீட்டாகப் பார்த்து வாங்கினோம், நடுவில் ஓர் இரவு தங்கிப் போனார்கள். கணக்கில் கிடந்த மைல்களுக்கு, திரும்பி வரும் தேதியை முதலில் முடிவு செய்துகொண்டு தேடினோம். முதல் வகுப்பு கிடைக்கவில்லை. பிசினஸில் இரண்டு சீட் இருந்தது, அன்றே டிக்கெட் எடுத்துவிட்டோம். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது விமான நேரம் மாறியது, இணைப்பு விமானம் தவறும் நிலை. மைல் டிக்கெட் என்றால் கேட்க முடியாது என்று அத்தான் பயந்தார். “நேரத்தை மாத்தினது அவங்க, கேளுங்க அத்தான்” என்றேன். மின்னஞ்சலில் கேட்டார். கூடுதல் மைல் எடுக்காமல் மறுநாள் விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அக்கா நியூயார்க்கிலிருந்து படுத்துக்கொண்டே வந்தாள்.